அமெரிக்க ஜேர்மானியர் தங்கள் மொழியை எப்படி இழந்தார்கள்?

ஹட்டன் ஆசிரியை:
வணக்கம். தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். நான் பயின்ற பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியுடன் எழுந்தது. அன்றிலிருந்தே அந்நாட்டின் மீது ஈடுபாடு உண்டு. தரம் 11 மாணவி ஒருத்தி கேட்டாள்: "அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் ஜேர்மன் வம்சாவளியாம். ஏன் டீச்சர் அவர்கள் ஜேர்மன் பேசுவதில்லை?" கொழும்பில் குடியேறிய எங்கள் குடும்பங்களின் பிள்ளைகள், தீபாவளிக்கு வந்தால் அப்பாயியுடன் தமிழில் பேசத் தடுமாறுகிறார்கள். 'காலப்போக்கில் மறந்தார்கள்' என்று அவளிடம் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற அதிபர்:
மகள், அவர்கள் தானாக மறக்கவில்லை. 1683இல் பிலடெல்பியா அருகே ஜேர்மன்டவுன் உருவானது முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தேவாலயம், பத்திரிகை, பாடசாலை எல்லாவற்றிலும் அந்த மொழி செழித்தது. 1917இல் அமெரிக்கா ஜேர்மனியுடன் போருக்குப் போனதும் நிலைமை தலைகீழானது. அடுத்த ஆண்டு அயோவா ஆளுநர், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். இல்லினோயில் ராபர்ட் பிரேகர் என்ற ஜேர்மன் குடியேறியைக் கும்பலொன்று தூக்கிலிட்டுக் கொன்றது.

நீங்கள் ஆசிரியை என்பதால், மேயர் என்ற ஓர் ஆசிரியரின் வழக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு அந்நிய மொழி கற்பிப்பதை நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் குற்றமாக்கியது. மறு ஆண்டு இந்த ராபர்ட் மேயர், பத்து வயதுச் சிறுவனுக்கு வேதாகமக் கதைகளை ஜேர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்தார். அதற்கு 25 டாலர் அபராதம்! அவர் பணியவில்லை; 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் அதற்குள் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசப் பழகிவிட்டார்கள். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைச் சிறுவனாகக் கண்டவன் நான். அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல என்னால் முடியாது.

மாத்தளை வாசகர்:
ஐயா, போர் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. 1880களின் பெரும் அலைக்குப் பிறகு குடியேற்றம் வெகுவாகக் குறைந்தது. நகரங்களில் வளர்ந்த பிள்ளைகள் போருக்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தனித்து வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களைப் பாருங்கள். அவர்களும் அதே காலத்தைக் கடந்தவர்கள்தான். இன்றும் வீட்டில் ஜேர்மன் கிளைமொழி பேசுகிறார்கள். திருமணமும் வழிபாடும் தங்களுக்குள்ளேயே நடப்பதால் பிள்ளைக்கு அந்த மொழி அன்றாடம் தேவைப்படுகிறது.

ஹட்டன் ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. மேயர் வழக்கையே பாடமாக எடுக்கப் போகிறேன். நீதிமன்றம் எதை வைத்துத் தீர்ப்பளித்தது, ஐயா? அவள் நிச்சயம் கேட்பாள்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற அதிபர்:
அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம், மகள். அது காக்கும் சுதந்திரத்தில் ஆசிரியர் கற்பிக்கும் உரிமையும், பிள்ளைக்குக் கற்பிக்க அவரை அமர்த்தும் பெற்றோரின் உரிமையும் அடங்கும் என்றார்கள். நீதிபதிகளில் ஏழு பேர் மேயர் பக்கம், இருவர் எதிர்ப்பு. அந்த இருவரின் வாதத்தையும் மாணவர்களிடம் சொல்லி விவாதிக்க விடுங்கள்.