தேசிய லீக்கின் கோல் மன்னர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேட்டுப்பாளையத்தான்

நம் தேசிய கால்பந்து லீக் 1996-ல் தொடங்கியது. 2007-ல் அது ஐ-லீக் ஆனது. 2014-ல் ஐ.எஸ்.எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், வந்தது. எந்த சீசனில் யார் அதிக கோல் அடித்தார் என்ற கணக்கு தேடினால் உடனே கிடைக்கிறது. அந்த கோல்களை எப்படி அடித்தார் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். பழைய ஆட்டங்களின் வீடியோவைப் பிடிப்பதே கஷ்டம். அதனால், இவர்களில் யாரையாவது மைதானத்தில் பார்த்திருந்தால் கண்ணால் கண்டதை இங்கே எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். முதல் சீசனில் பாய்ச்சுங் பூட்டியா 14 கோல். அவருடைய ஜே.சி.டி அணிக்கே கோப்பையும் போனது. அவரை நான் டிவியில் பார்த்ததோடு சரி. அடுத்தது 1997-98. அந்த சீசனில் முதலிடம் ராமன் விஜயனுக்கு, எஃப்.சி கொச்சின் அணிக்காக 10 கோல். தமிழ்நாட்டுக்காரர். இந்தப் பெயரை இன்றைக்குப் பசங்களிடம் சொன்னால், "ஐ.எம். விஜயனா?" என்று கேட்கிறார்கள். ரெண்டு விஜயனும் அப்போது ஒரே அணியில் ஆடினார்கள். குழப்பம் வரத்தான் செய்யும்.

அவர்களைப் பார்க்கவே மாமாவோடு ரயிலேறி கொச்சி கலூர் மைதானத்துக்குப் போனேன். கேலரி முழுக்க ஐ.எம். விஜயன் பேச்சுதான். பந்து அவர் காலுக்குப் போனால் போதும், டிஃபெண்டர்கள் ரெண்டு பேராக அவரை மொய்ப்பார்கள். மாமா என் தோளைத் தட்டி, "பந்தைப் பாக்காதடா, இன்னொருத்தரைப் பாரு" என்றார். அதற்கப்புறம் ராமன் விஜயனை விட்டு நான் கண்ணெடுக்கவே இல்லை. எல்லோரும் கோல் பக்கம் ஓடும்போது அவர் மட்டும் ரெண்டடி பின்வாங்கி நிற்பார். டிஃபெண்டர் திரும்பிப் பந்தைப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் அவன் முன்னால் புகுந்துவிடுவார். அவர் ஓடியது மொத்தமே கொஞ்ச தூரம்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் கோலைக் குறிவைத்த ஓட்டம். ஸ்ட்ரைக்கர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

கோவாவில் குடியிருப்பவன்

அண்ணே, நல்ல கேள்வி. வேலைக்காக மட்காவ் வந்து அங்கேயே தங்கிவிட்டவன் நான். ஃபதோர்தா மைதானத்துக்குப் பக்கத்திலேயே அறை. இந்த லீக்கின் கோல் கணக்கில் பாதி கோவாவில்தான் எழுதப்பட்டது என்று சொல்வேன், யாரும் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. கானாவின் யூசிஃப் யாக்கூபு சர்ச்சில் பிரதர்ஸுக்காக 2001-02-ல் 18, அடுத்த சீசனில் 21. ஸ்போர்ட்டிங் கோவாவின் டுடு 2004-05-ல் 21. அப்புறம் வந்தார்கள் ரெண்டு நைஜீரியர்கள், ஒடாஃபாவும் ராண்டி மார்ட்டின்ஸும். அதன்பின் பல வருஷத்துக்கு இந்தப் பட்டியலில் மற்றவர்களுக்கு இடமே இல்லை.

ஒடாஃபா 2006-07-ல் தொடங்கி நான்கு சீசன் தொடர்ச்சியாக முதலிடம்: 18, 22, 26, 22. எல்லாமே சர்ச்சிலுக்காக. 26 அடித்த 2008-09-ல் சர்ச்சில் சாம்பியன். அவர் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினால், பின்னால் நிற்கும் டிஃபெண்டர் முட்டிப் பார்ப்பான், இழுத்துப் பார்ப்பான், ஆள் அசையமாட்டார். அப்படியே உடம்பைத் திருப்பி அடிப்பார். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்த ஷாட்டின் சத்தம் தனியாகக் கேட்கும்.

ராண்டி வேறு ரகம். டெம்போவுக்காக 2010-11-ல் 30, 2011-12-ல் 32. பிறகு பிரயாக் யுனைடெட் போய் அங்கேயும் 26. டெம்போவில் அவருக்குப் பின்னால் பிரேசிலின் பெட்டோ இருந்தார். இடது பக்கம் கிளிஃபோர்டு மிராண்டா. பெட்டோ தலையைத் தூக்கினாலே ராண்டி ஓட ஆரம்பித்திருப்பார். ரெண்டு பேரும் கத்திக்கொள்ளவோ கைகாட்டிக்கொள்ளவோ நான் பார்த்ததே இல்லை. பந்து வந்து விழும் இடத்தில் ராண்டி ஏற்கெனவே நிற்பார், கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து மறுபக்கம் தள்ளிவிடுவார். பலமாக அடித்த கோல் குறைவு. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, இன்றைக்கு இவர் பெரிதாக ஒன்றும் ஆடவில்லையே என்று தோன்றும். ஸ்கோர்போர்டில் பார்த்தால் ரெண்டு கோல் அவர் பெயரில் இருக்கும்.

ஒரு ஆதங்கமும் உண்டு. அந்த 30, 32 கோல் சீசன்களில்கூட ஃபதோர்தாவில் பல நாள் கேலரி காலியாகத்தான் கிடந்தது. பிற்பகல் வெயிலில் ஆட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்?

அல்சூர் ஏரிக்கரை

நான் எழுதப்போவது ஐ-லீக் ஆட்டம் இல்லை, ஆனால் லீக்கின் கோல் மன்னர் ஒருவரைப் பற்றித்தான். 2003-04-ல் ஈஸ்ட் பெங்கால் சாம்பியன் ஆனபோது 15 கோலோடு முதலிடம் பிடித்தவர் பிரேசிலின் கிறிஸ்டியானோ ஜூனியர். அடுத்து டெம்போவுக்கு மாறினார். 2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல், டெம்போவும் மோகன் பகானும். நான் அந்த கேலரியில் இருந்தேன்.

முதல் கோல் அவருடையது. ரெண்டாவதும் அவருடையதே. ரெண்டாவது கோலுக்காகப் பந்தைத் துரத்தி வந்தபோது கீப்பரும் வெளியே வந்தார், இருவரும் மோதினார்கள். பந்து வலைக்குள் போனது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் எழுந்திருக்கவில்லை என்று பார்த்தோம். சக ஆட்டக்காரர்கள் கைகளை ஆட்டிக் கூப்பிட்ட விதத்திலேயே கேலரி அடங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டம் 2-0 என முடிந்து கோப்பை டெம்போவுக்கு. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி அதற்குப் பின் வந்தது.

டெம்போ அவருடைய 10-ம் எண் ஜெர்சியை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. கோல் கணக்கில் அவர் பெயர் ஒரே ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரியைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள் சார், அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

பெரியமேட்டுக்காரர்

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நன்றி சார்.

சென்னையின் ஐ.எஸ்.எல் நாட்களைச் சொல்ல நான் இருக்கிறேன். ஐ.எஸ்.எல் முதல் ரெண்டு சீசனிலும் அதிக கோல் அடித்தவர்கள் சென்னையின் எஃப்.சி ஆட்கள்: 2014-ல் எலானோ 8, 2015-ல் மென்டோசா 13. எலானோ ஃப்ரீ கிக் எடுக்க வந்தால் நேரு ஸ்டேடியத்தில் டீ விற்கிறவர்கூட நின்று பார்ப்பார். மென்டோசாவோ பந்தோடு ஓடுகிறவர். டிஃபெண்டர் கூடவே ஓடிவருவான், பாக்ஸ் நெருங்கும்போது ரெண்டு கெஜம் பின்னால் இருப்பான். 2015 டிசம்பர் வெள்ளத்தால் நம் செமிஃபைனலையே புனேவுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் நாங்கள் போனில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தோம். கோவாவில் நடந்த ஃபைனலில் கடைசி நிமிடங்களில் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். அப்புறம் ஒரு செல்ஃப் கோல், அதற்கடுத்து இன்ஜுரி டைமில் மென்டோசா. 3-2. எங்கள் தெருவில் அன்றைக்கும் சேறு காயவில்லை, அதே சேற்றில் ஆடினோம்.

வால்ஸ்கிஸையும் சொல்ல வேண்டும். 2019-20-ல் 15 கோல். ஓக்பெச்சேயும் ராய் கிருஷ்ணாவும் அதே 15-தான், கூடுதல் அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்) இருந்ததால், அதிக கோலுக்கான கோல்டன் பூட் விருது வால்ஸ்கிஸுக்கு. அந்த ஃபைனல் கொரோனாவால் ரசிகர் இல்லாத மைதானத்தில் நடந்தது. அவர் கோல் அடித்தும் 3-1 என கொல்கத்தாவின் ஏ.டி.கே அணியிடம் தோற்றோம். அந்த கோலை நேரில் பார்த்த ரசிகர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

கோவை வ.உ.சி. பூங்கா

எல்லாரும் எழுதறீங்க, எங்க ஊரை விட்டுட்டீங்களே! 2018-19-ல் சென்னை சிட்டி எஃப்.சி-யின் ஹோம் ஆட்டமெல்லாம் கோவை நேரு ஸ்டேடியத்தில்தானுங்க. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் 21, ரெண்டு பேரும் சேர்ந்து முதலிடம்.

2019 மார்ச் 9, கடைசி நாள். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை நமக்கு. இல்லையென்றால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா அணியோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் முந்திவிடும். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. கேலரியில் எல்லார் கையிலும் போன், ஒரு கண் புல்வெளியில், ஒரு கண் கோழிக்கோட்டில். நெட்வொர்க் வேறு சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாஃப் டைமில் பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்து நடையைக் கட்டினார். படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

ரெண்டாவது பாதியில் பெனால்டி. மான்சி பந்தை வைத்தார், எடுத்தார், ஒருமுறை துடைத்தார், மறுபடி வைத்தார். விசில் ஊதியதும் மூச்சை வெளியே விட்டதை தோள் இறங்கியதில் பார்க்க முடிந்தது. அடித்தார், உள்ளே போனது, கொண்டாடவே இல்லை. வலைக்குள் கிடந்த பந்தை அள்ளிக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடினார். எனக்கு அந்த ஓட்டம்தான் பிடித்தது. அப்புறம் கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் ரெண்டு கோல் அடித்து 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43-க்கு 42, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். சீசன் முழுக்க மான்சி அடித்ததில் ஒரு கோல் குறைந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.

வியாசர்பாடி பயிற்சியாளர்

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் எழுதிய தம்பி ராமன் விஜயனில் தொடங்கியது நல்லது. அவருக்குப் பிறகு இங்கே வந்த கோல் மன்னர்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள், ஒரு இந்தியர்கூட இல்லை. 2013-14-ல் சுனில் சேத்ரி 14 அடித்தார், அதையும் டாரில் டஃபி, கார்னல் கிளென் என ரெண்டு பேரோடு பகிர வேண்டியிருந்தது. ஐ.எஸ்.எல்லில் 2024-25 வரை எந்த இந்தியரும் கோல்டன் பூட் வாங்கியதில்லை. அந்த 2024-25-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியின் அஜாரை 23 அடித்தார். 40 வயது சேத்ரி 14 அடித்தார். அந்த சீசனில் இந்தியர்களில் அவர்தான் அதிக கோல் அடித்தவர் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, கவலையும் உண்டு.

பசங்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். வெளிநாட்டு ஆட்களுக்கு இடம் இத்தனைதான் என்று விதி இருக்கும்போது, கிளப் முதலில் அந்த இடத்தில் ஸ்ட்ரைக்கரைத்தான் வாங்குகிறது. கோல் உடனே வேண்டும், தோற்றால் கோச்சுக்கு வேலை போகும். நம் பையன் விங்குக்கு, அதாவது மைதானத்தின் ஓரத்துக்குப் போகிறான். கொஞ்ச வருஷம் ஓடி கிராஸ் போட்டுப் பழகியபின், பாக்ஸுக்குள் காத்திருக்கிற அந்தப் பொறுமை அவனிடம் இருப்பதில்லை. என்னிடம் வருகிற பதினாலு வயசுப் பையனே, "அண்ணா, விங்ல போடுங்க, அப்பதான் செலக்ட் ஆவேன்" என்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை, நிலைமை அப்படி.

அதனால்தான் வித்யாசாகர் சிங் எனக்கு முக்கியம். 2020-21 ஐ-லீக், மணிப்பூரின் டிராவ் அணிக்காக 12 கோல், தனியாக முதலிடம். அந்த சீசன் முழுக்கக் கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் ரசிகர் இல்லாமல் நடந்தது, நான் போனில்தான் பார்த்தேன். கடைசி நாளில் கோகுலத்துக்கு எதிராக முதல் கோல் அவருடையது, கோப்பை ஏறக்குறைய கைக்கு வந்தது. பிறகு கோகுலம் நான்கு அடித்துவிட்டது. கோகுலத்துக்கும் சர்ச்சிலுக்கும் 29 புள்ளி, டிராவுக்கு 26 புள்ளியோடு மூன்றாம் இடம். அவருடைய கோல்களை எங்கள் பசங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறேன். கோல் விழும் நொடியைக் காட்டுவதில்லை. அதற்கு மூன்று நொடி முன்னால் நிறுத்தி, "இப்ப இவரு எங்க நிக்கிறாரு, ஏன் நிக்கிறாரு?" என்று கேட்பேன்.

மேட்டுப்பாளையத்தான்

அண்ணா, என் மாமா அன்றைக்குச் சொன்னதும் இதேதான். கொல்கத்தாக்காரர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை. 1999-2000-ல் மோகன் பகானுக்காக 11 கோல் அடித்த உஸ்பெகிஸ்தானின் ஷ்க்விரின், அடுத்த சீசனில் 14 அடித்த பாரெட்டோ, இவர்களை கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் பார்த்தவர்கள் இருந்தால் வாருங்கள். பாரெட்டோவை அங்கே "சபுஜ் தோத்தா" (பச்சைக்கிளி) என்று கூப்பிடுவார்களாம், அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த தமிழர் ஒருவராவது இருக்காமலா போவார்?