கண்ணாடிப் படகில் போனவர்கள் வாருங்கள், கண்டதைச் சொல்லுங்கள்

நீச்சல் தெரியாதவன்:
பவளப்பாறையைப் பார்க்க என் போன்றவனுக்குக் கண்ணாடிப் படகை விட்டால் வேறு வழியில்லை. படகின் நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, சுற்றிலும் பெஞ்சு. கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள் மாதிரி எல்லாரும் குனிந்து உட்கார்ந்திருந்தோம். முதல் பத்து நிமிடம் வெறும் மணல், இடையில் ஒரே ஒரு கடல் அட்டை. இதற்கா வந்தோம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் பவளத்திட்டு ஆரம்பித்தது. சரேலென்று தரை மேலேறி வந்தது. முட்டிவிடும் என்று பயந்து காலைத் தூக்கிக்கொண்டேன்! படகோட்டி சிரித்தார். தண்ணீருக்குள் இருப்பதை மேலிருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோல்தான் தெரியுமாம். 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தோன்றும்.

நான் ஏமாந்தது நிறத்தில். டிவியில் பார்த்த சிவப்பும் ஊதாவும் எங்கே? எல்லாம் பழுப்பு, மங்கல் பச்சை. செத்த பாறை என்றே முடிவு கட்டிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் ஒரு கொத்து, மான்கொம்புக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை வெளேரென்று நின்றது. "அது என்ன அழகு!" என்றேன்.

"அதுதான் சார் உடம்பு சரியில்லாதது" என்றார் படகோட்டி.

பவளம் என்பது பூச்சி அளவே உள்ள உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அந்தப் பழுப்பைத் தருகிறது. சாப்பாட்டில் பெரும்பங்கும் அது போடுவதுதான். கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடச் சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும். அப்புறம் நிறமில்லாத உடம்பு வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக் கொத்து இன்னும் சாகவில்லை, சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கலாம் என்றார். நான் செத்தது என்று நினைத்தது நல்ல உயிரோடு இருந்திருக்கிறது. சிவப்பைப் பொறுத்தவரை, தண்ணீர் முதலில் விழுங்கும் நிறமே அதுதான். டிவிக்காரர்கள் விளக்கோடு இறங்குகிறார்கள்.

கரையோரம்:
நீங்களாவது பார்த்தீர்கள். எனக்குப் பாதி வழியிலேயே குமட்டல். படகு ஆடுகிறது, கண் மட்டும் கீழே ஒரே சட்டத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது, ஆட்டத்தை உணரும் உட்காது வேறு கதை சொல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் தொடுவானத்தைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். இன்னொன்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். எடுத்த பத்துப் படத்தில் ஒன்பதில் மீன் இல்லை, கண்ணாடியில் விழுந்த என் சட்டைதான் இருக்கிறது.

உப்புக்காற்று:
இன்ஜினை அணைத்தபோது யாராவது கவனித்தீர்களா? படகின் பக்கவாட்டில் காதை வைத்தேன். காய்ந்த சுள்ளி எரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம். படகுதான் விரிசல் விடுகிறதோ என்று ஒரு கணம் உயிரே போய்விட்டது. சொடுக்கு இறால்களாம். விரல் நீளம்கூட இருக்காது. கொடுக்கைச் சொடுக்குகிற வேகத்தில் ஒரு நீர்க்குமிழி உண்டாகி உடைகிறது, அந்தச் சத்தம்தான் அது.

அன்று என் கண்ணுக்குக் கிடைத்தது ஒரு கிளிமீன். அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டியது. சுரண்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு. கொஞ்ச தூரம் நீந்திப் போய்ப் பின்பக்கமாக வெண்புகை ஒன்றை விட்டது. எதிர் பெஞ்சில் இருந்த சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாசியோடு சேர்த்துக் கடித்த சுண்ணாம்பு அரைபட்டு மணலாக வெளியே வருகிறது. பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் நிறையப் பங்கு இப்படி வந்ததுதான். அதன் மேல்தான் துண்டு விரித்துப் படுக்கிறோம்!

கரையோரம்:
ஐயோ, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நீச்சல் தெரியாதவன்:
அந்தச் சத்தத்தை விட்டுவிட்டேனே! எங்கள் படகில் யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். ராட்சதச் சிப்பி ஒன்றைப் பார்த்தோம்; நீல உதட்டை விரித்து வைத்திருந்தது, படகு நிழல் பட்டதும் லேசாக மூடிக்கொண்டது. அடுத்த முறை எந்த நேரத்தில் போகலாம்?

உப்புக்காற்று:
காற்று அடங்கிய நாளாகப் பாருங்கள். வெயில் உச்சிக்கு வரும் நேரம் நல்லது, வெளிச்சம் நேராக உள்ளே இறங்கும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், கலங்கலைத்தான் பார்ப்பீர்கள்.

நீச்சல் தெரியாதவன்:
சரி. கறுப்புச் சட்டை ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.