ஆக்மென்டட் ஸ்கேல் பயிற்சி: என் அனுபவம்

பியானோவில் ஆக்மென்டட் ஸ்கேலைத் தொடங்கியபோது, என் ஆசிரியர் அதை ஆறு சுரங்களின் வரிசையாகச் சொல்லித்தராமல், அரைச்சுர இடைவெளியில் (பியானோவில் ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்) அருகருகே நிற்கும் இரண்டு ஆக்மென்டட் கார்டுகளாகவே, அதாவது நான்கு நான்கு அரைச்சுர இடைவெளியில் அமைந்து சேர்ந்து ஒலிக்கும் மும்மூன்று சுரங்களாகவே, அறிமுகப்படுத்தினார். இடது கையில் சி, இ, ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேலே). வலது கையில் டி ஷார்ப், ஜி, பி. இவ்விரண்டையும் மாறிமாறி வாசித்துப் பழகிய பிறகே, சி, டி ஷார்ப், இ, ஜி, ஜி ஷார்ப், பி என்று வரிசையாக ஏறச் சொன்னார். அந்த முறையை இன்றும் நான் மிகவும் மதிக்கிறேன்.

மூன்று அரைச்சுரம், ஓர் அரைச்சுரம் என இடைவெளிகள் மாறிமாறி வருவதால், நான்கு அரைச்சுரங்களுக்கு ஒருமுறை அதே அமைப்பு திரும்புகிறது. ஆகவே இ-யில் தொடங்கினாலும் ஜி ஷார்ப்பில் தொடங்கினாலும் அதே ஆறு சுரங்கள்தாம் கிடைக்கும். சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப் ஆகிய நான்கில் தொடங்குபவற்றைக் கற்றுக்கொண்டால் 12 சுரங்களுக்கும் அது போதுமானது.

கர்நாடக சங்கீதம் பயின்றவர்களுக்கு இந்த ஸ்கேலின் ஒலி முற்றிலும் அந்நியமாக இருக்காது. 33-ஆவது மேளமான (தாய் ராகமான) காங்கேயபூஷணியில் மத்திமத்தை மட்டும் விட்டுவிட்டால் இதே சுரங்கள்தாம் எஞ்சும். ஆனால் காந்தாரத்தையோ (சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் இ) தைவதத்தையோ (ஜி ஷார்ப்) ஆதார ஷட்ஜமாகக் கொண்டு கிரகபேதம் செய்து பார்த்தால் வேறொரு அமைப்பு பிறக்காமல், அதே அமைப்பே மீண்டும் வருகிறது. எந்தச் சுரத்தில் நிலைகொள்வது என்று காது தடுமாறுவதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

விரல்முறையில் (பெருவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3) சி ஸ்கேல் எளிது. ஏறும்போது வலது கைக்கு 1-2-3, 1-2-3. இடது கைக்கு 3-2-1, 3-2-1. இரு கைகளும் ஒரே இடத்தில் நிலை மாறுகின்றன. பி-யிலிருந்து சி-க்குப் போவதில் சிரமமில்லை. இ-யிலிருந்து ஜி-க்குத் தாண்டும் இடத்தில்தான் ஒலி அறுந்துபோகும். அதற்காகத் தாளக் கருவியான மெட்ரோநோமை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, இ, ஜி என்ற அந்த இரண்டு சுரங்களை மட்டும், மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையைச் சற்றே நகர்த்தி, தொடர்ந்து வாசித்துப் பழகினேன். வேகத்தைக் கூட்டுவதைவிட இந்தத் தாண்டலைச் சீராக்குவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

கைகள் பழகிய பிறகு, வலது கையில் ஸ்கேலை மாற்றாமல், இடது கையில் சி மேஜர் செவன் (சி, இ, ஜி, பி), அதே அமைப்பில் இ மேஜர் செவன், ஏ ஃபிளாட் (ஜி ஷார்ப்பின் மறுபெயர்) மேஜர் செவன் ஆகிய கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் இந்த ஸ்கேலின் சுரங்களாலேயே ஆனவை. ஆயினும் கார்டு மாறும்போதெல்லாம் அதே டி ஷார்ப், சி-யின்மேல் உரசலாகவும், இ-யின்மேல் கனிவாகவும், ஏ ஃபிளாட்டின்மேல் நிறைவாகவும் ஒலிக்கிறது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-இல் பதிவுசெய்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இசையில் மாறிமாறி வரும் பி, ஜி, இ ஃபிளாட் (டி ஷார்ப்பின் மறுபெயர்) ஆகிய மூன்று ஆதார சுர மையங்களும், மேலே சொன்ன வலது கைக் கார்டின் சுரங்களே. இதை அறிந்த பிறகு அந்த இசையை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது.

இப்போது சி ஷார்ப் ஸ்கேலில் இருக்கிறேன். அதில் வலது கைப் பெருவிரலை இ, ஏ ஆகியவற்றிலும், இடது கைப் பெருவிரலை எஃப், சி ஆகியவற்றிலும் வைக்கிறேன். இதனால் இரு கைகளும் வெவ்வேறு இடங்களில் நிலை மாறுகின்றன. இதைவிடப் பொருத்தமான விரல்முறையைக் கையாள்பவர்கள் தங்கள் அனுபவத்தை அவசியம் எழுதுங்கள்.