சின்ன பிஎல்சியில் ஸ்டெப்பர் மோட்டார்: எங்கே தொடங்குவது?

பரந்தன்_லேடர்:
வணக்கம். பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மின் வேலை பார்க்கிறேன். கன்வேயர், எலிவேட்டருக்கு லேடர் (பிஎல்சி என்கிற இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு எழுதும் நிரல்) எழுதிப் பழக்கம், மோஷன் (மோட்டாரை அளந்து நகர்த்துவது) தொட்டதில்லை. இப்போது ஒரு கிலோ பை போடும் பழைய இயந்திரத்தைத் திருத்த வேண்டும். பிலிம் இழுக்கும் உருளை கிளச்-பிரேக்கில் ஓடுகிறது, பை நீளம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. அதற்கு ஸ்டெப்பர் (ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஒரு சிறு படி சுற்றும் மோட்டார்) போடலாமா, சேர்வோதான் (தன் நிலையைத் தானே அளந்து திருத்தும் மோட்டார்) வேண்டுமா? கையில் இருக்கும் பிஎல்சி மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ-16எம்ஆர்.

வவுனியா_ஆட்டோ:
தம்பி, முதலில் அந்த 'எம்ஆர்' என்பதைப் பாருங்கள். அது ரிலே அவுட்புட், அதாவது அசையும் சுவிட்ச் வழியாக வரும் வெளியீடு. நொடிக்கு ஆயிரக்கணக்கில் பல்ஸ் (மின் துடிப்பு) அடிக்க ரிலேயால் முடியாது, எம்டி என்று முடியும் ட்ரான்சிஸ்டர் வகை வேண்டும். அதில் வை0, வை1, வை2 என்ற மூன்று வெளியீடுகளும் 100 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்.

உங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லை. பல்ஸை வாங்கி மோட்டாரைச் சுற்றும் டிரைவரில் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் வைத்து, உருளையின் சுற்றளவு 160 மில்லிமீற்றர் என்றால் ஒரு பல்ஸுக்கு 0.1 மில்லிமீற்றர். 240 மில்லிமீற்றர் பைக்கு 2400 பல்ஸ், நொடிக்கு 4000 போனாலே வேலை முடியும், அதற்கு ஸ்டெப்பர் போதும். பிஎல்எஸ்வை கட்டளையில் தொடங்காதீர்கள், அதில் வேகம் படிப்படியாக ஏறாது, மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமும். டிஆர்விஐ கட்டளையைப் போடுங்கள், ஏற்றமும் இறக்கமும் அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம் டிரைவரின் உள்ளீடு 5 வோல்ட் மட்டும் என்றால் பிஎல்சியின் 24 வோல்டை நேரே கொடுக்கக் கூடாது, 2 கிலோஓம் ரெசிஸ்டர் தொடரில் வேண்டும்.

மாங்குளம்_மெக்கானிக்:
அண்ணை சொன்ன கணக்கு சரி, ஆனால் பிலிம் வழுக்கும். மோட்டார் 2400 பல்ஸும் சரியாகச் சுற்றியிருக்கும், பிலிம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும், பத்துப் பை போனதும் அச்சடித்த படம் வெட்டில் போய் நிற்கும். அரிசித் தூசி உருளையில் படிகிற ஆலையில் இது கட்டாயம் வரும். பிலிமில் அச்சுக் குறி இருந்தால் அதைப் பார்க்கிற சென்சர் ஒன்று போட்டு டிவிஐடி கட்டளையைப் பயன்படுத்துங்கள். குறி தெரிந்த நொடியிலிருந்து இத்தனை பல்ஸ் போய் நில் என்று சொல்லலாம், ஒரு பையின் பிழை அடுத்த பைக்கு ஏறாது. குறி தவறினால் உருளை நிற்காமல் ஓடும், அதனால் ஒரு டைமர் வைத்து நிறுத்துங்கள்.

பரந்தன்_லேடர்:
நன்றி அண்ணை. எம்டி தேடுகிறேன். கரண்ட் போய் வந்தால் ஹோமிங் (மோட்டாரைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது) செய்ய வேண்டுமா?

வவுனியா_ஆட்டோ:
பிலிமுக்கு வேண்டாம், குறியைப் பிடித்தால் போதும். பையைச் சூட்டில் ஒட்டும் சீல் தாடையையும் பிறகு ஸ்டெப்பரில் ஓட்டினால் கட்டாயம் வேண்டும், அதற்கு இசட்ஆர்என் கட்டளை. எமர்ஜென்சி ஸ்டொப்பை மட்டும் லேடரை நம்பி விடாதீர்கள். சூடான தாடைக்குள் கை போகிற இடம் அது. சுவிட்சே கொன்டாக்டரை (மின்சாரத்தை இணைத்து வெட்டும் பெரிய ரிலே) நேராக விழுத்தி மோட்டார் பக்கத்து மின்சாரத்தை வெட்டும்படி வயர் இழுங்கள், பிஎல்சிக்கு ஒரு சிக்னல் தனியாகப் போகட்டும்.