மறுமொழி: ஓவர்சைஸ் பூல் மேசைக்கு ‘மிகையளவு’ பொருந்துமா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> ஓவர்சைஸ் டேபிள்: மிகையளவு மேசை. டேபிள் செட்டப்: மேசை நிறுவல். மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

மறுப்பு இருக்கிறது. முதல் சொல்லுக்குச் சிறியது, இரண்டாவதற்குப் பெரியது.

‘மிகை’ என்றால் வேண்டியதற்கு மேல் இருப்பது. மிகைநடிப்பு, மிகைப்படுத்தல் என்று எங்கே வந்தாலும் அந்தச் சொல் குறைசொல்லிக்கொண்டே வரும். ‘ஓவர்சைஸ்’ என்று சொல்லும் பத்தடி பூல் மேசையிலோ வேண்டாதது என்று எதுவும் இல்லை. (கியூ என்ற கோலால் பந்துகளை அடித்து, மேசை ஓரத்துப் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம்தான் பூல்.) அமெரிக்காவில் 1940கள் வரை பட்டத்துக்கான பூல் ஆட்டங்கள் பத்துக்கு ஐந்தடி மேசையில்தான் நடந்தன. அதன் பிறகே ஒன்பதடி மேசை போட்டிகளின் அளவாயிற்று. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் டெர்பி சிட்டி கிளாசிக் பூல் போட்டியில், மேசை செய்யும் டைமண்ட் நிறுவனத்தின் பத்தடி மேசையைப் போட்டு, ‘பிக்ஃபுட்’ என்று பெயர் வைத்து, எண்ணிட்ட பத்துப் பந்துகளோடு ஆடும் டென்-பால் ஆட்டத்தை நடத்தினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் திறனைச் சோதிக்கவே அந்த மேசை. பூலைப் போலவே கியூவால் ஆடும் ஸ்நூக்கர் ஆட்டக்காரர்களிடம் கேட்டால் இதைப் பெரிய மேசை என்றே சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஆடுவது 11 அடி 8½ அங்குல நீளமும் 5 அடி 10 அங்குல அகலமும் உள்ள பரப்பில். அந்த ஆட்டத்தின் விதிகளை உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டிய காலந்தொட்டு அதை யாரும் மிகை என்றதில்லை. எதைவிட மிகை என்ற கேள்விக்கு விடை இல்லாதபோது அந்தச் சொல் நமக்கு எதற்கு?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘ஓவர்சைஸ்’ என்று இரண்டு வெவ்வேறு மேசைகளைச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வாங்கும் எட்டடி மேசையின் ஆடுபரப்பு 44க்கு 88 அங்குலம். அதையே 46க்கு 92 ஆக்கினால் அது ‘ஓவர்சைஸ் எய்ட்’. இது ஒன்று. போட்டி அளவான ஒன்பதடியை, அதாவது 50க்கு 100 அங்குலத்தை, 56க்கு 112 ஆக்குவது மற்றொன்று. முதலாவதில் கூடுவது சில அங்குலம்தான். இரண்டாவதில் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடுகிறது: 5,000 சதுர அங்குலம் 6,272 ஆகிறது. மூலைக்கு மூலை தூரம் ஒரு அடிக்கு மேல் நீள்கிறது. பாக்கெட்டின் வாய் மட்டும் அதே அகலத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மேசை வாங்க வருகிறவரைக் குழப்புவதில்தான் முடியும்.

‘ஒன்பதடி’, ‘பத்தடி’ என்பவையெல்லாம் பெயரளவுதான் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். பத்தடி மேசையின் ஆடுபரப்பு 9 அடி 4 அங்குலமே. எனவே ‘ஆடுபரப்பு’ என்ற சொல்லை முதலில் உறுதிசெய்வோம்: ஒரு குஷனின் (பந்து மோதித் திரும்பும் ரப்பர் ஓரம்) மூக்கிலிருந்து, அதாவது உள்நோக்கி நீண்ட அதன் விளிம்பிலிருந்து, எதிர்க் குஷனின் மூக்கு வரை உள்ள பரப்பு. மரச்சட்டம் இதில் சேராது. அறை அளவைக் கணக்கிடுகிறவர்களுக்கு இது மிகவும் தேவை. 58 அங்குலக் கியூவை நான்கு பக்கமும் நீட்டி ஆட வேண்டுமென்றால் பத்தடி மேசைக்கு 19 அடிக்கு 14 அடி 4 அங்குலம் வேண்டும். பின்கையை இழுக்கும் இடம் அதற்கு மேல். வாசலில் வந்து நிற்கும் மேசை அறைக்குள் ஆட முடியாததாகிவிடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

பத்தடிக்கு ‘பெருமேசை’ என்று வைக்கலாம். பெருவழி, பெருநகர் என்று புழங்கும் ‘பெரு’ அளவை மட்டும் சொல்கிறது, குற்றம் சொல்வதில்லை. ‘நெடுமேசை’ என்று கேட்டிருந்த நண்பருக்கு: நீளமும் அகலமும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாமல் சேர்ந்தே வளர்கின்றன. நீளத்தை மட்டும் சொன்னால் படம் தப்பாகிவிடும். மற்றதற்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘பெரிய எட்டடி’ போதும்.

இனி ‘நிறுவல்’. கணினியில் மென்பொருள் நிறுவுகிறோம். சிலை, நிறுவனம் இவற்றையும் நிறுவுகிறோம். ஏற்கெனவே முழுமையான ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதுதான் இவற்றிலெல்லாம் உள்ள பொருள். பூல் மேசை அப்படி முழுமையாக வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வருவது சட்டமும் கல்லும் துணியும் ரப்பரும். மேசை உருவாவது அறையில்தான். அந்தத் தரைக்கு ஏற்பத்தான் அது உருவாகிறது. ஒரே தொழிற்சாலையின் இரண்டு மேசைகள் இரண்டு ஊர்களில் வேறு வேறு மாதிரி ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வேலைதான்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதலில் அடிச்சட்டத்தை வைத்து, கால்களைத் திருகி மட்டம் பார்க்கிறார்கள். அதன்மேல் பலகைக்கல் (ஸ்லேட்) வரும். ஒரே கல் இவ்வளவு பெரிதாக வந்தால் தூக்கவும் முடியாது, வாசலில் நுழைக்கவும் முடியாது. ஆகவே போட்டி மேசைகளில் துண்டுகளாக வரும். பெருமேசையில் ஆடுபரப்புக்குக் கீழுள்ள ஓர் அங்குலக் கல் மட்டுமே ஏறத்தாழ 280 கிலோ வரும். இந்தப் பாரம் சட்டத்தின் மேல் அமர்ந்ததும் முன்பு பார்த்த மட்டம் மாறிவிடும். நீளம் கூடக் கூட நடுவில் தொய்யும் ஆபத்தும் கூடும். நடுத்துண்டை முதலில் மட்டமாக்கி, அதற்கு மற்றவற்றை இணங்கவைப்பது ஒரு முறை. கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய ஆப்பைச் செருகி, தட்டி, அளந்து, மறுபடியும் தட்டுவார்கள். கொத்தனாரின் ரசமட்டம் இங்கே உதவாது. இயந்திரப் பட்டறையில் புழங்கும் நுண்மட்டம் வேண்டும்.

எவ்வளவு நுண்மை? உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி ஆடுபரப்பு நீளவாட்டில் 0.020 அங்குலத்துக்குள்ளும் அகலவாட்டில் 0.010 அங்குலத்துக்குள்ளும் மட்டமாக இருக்க வேண்டும். கல் துண்டுகள் சேரும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 0.005 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அது அச்சுத்தாள் ஒன்றின் தடிமனைவிடச் சற்றே அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படியை இணைப்பின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். பிறகு இணைப்பில் தேன்மெழுகை உருக்கி ஊற்றுகிறார்கள். அது இறுகியதும் தட்டையான அலகை ஏறக்குறையப் படுக்கவைத்து வழிக்கிறார்கள். மெழுகு சுருள் சுருளாக வந்து, கடைசியில் கல்லோடு கல்லாகிப் போகும். மெழுகு வெப்பத்தில் இளகும், குளிரில் நொறுங்கும் என்பதால் வேறு நிரப்பிகளைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு.

துணி விரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இழுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இறுக இழுத்தால் பந்து வேகமாக ஓடும். குஷனுக்கு மூக்கின் உயரம்தான் உயிர். பந்தின் விட்டத்தில் 62½ முதல் 64½ சதவீதத்துக்குள் அது நிற்க வேண்டும். 2¼ அங்குலப் பந்துக்கு அது கிட்டத்தட்ட 1.43 அங்குலம். தாழ்ந்தால் வேகமாக வரும் பந்து எகிறும், உயர்ந்தால் பந்து துணியில் அழுந்தித் திரும்பும். சில வாரம் கழித்து, மேசையின் பாரம் தரையில் நன்றாக அமர்ந்த பிறகு, மட்டத்தை மறுபடி பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

இத்தனையையும் சொல்ல ‘நிலைநிறுத்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தச்சர்கள் கதவுக்கு நிலை நிறுத்துகிறார்கள். அங்கேயும் இடத்துக்கு ஏற்பத் தூக்குப் பார்த்து, ஆப்பு வைத்து, சரிசெய்து முடிப்பதுதான் வேலை. அந்தத் தொழில்நினைவு இந்தச் சொல்லில் இருக்கிறது. ‘மட்டம் பார்த்தல்’ இதன் ஒரு பகுதி, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். யாரோ ‘மட்டம் தட்டுதல்’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம், ஒருவரை இழிவுபடுத்துவதற்கு அந்தத் தொடர் எப்போதோ போய்விட்டது.

வேலை செய்கிறவருக்கு ‘மேசைக் கம்மியர்’. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனக் கம்மியர், பொருத்துநர், கடைசலர் என்ற பெயர்கள் ஏற்கெனவே சான்றிதழ் வரை வந்துவிட்டன. பொருத்துநர் என்றால் திருகுவதோடு முடிந்துவிடும். இவர் குறை கண்டுபிடித்துத் தீர்க்கிறவர், கம்மியர்தான் சரி. பட்டியலில் அவருக்கென்று ஒரு வரி இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். வென்றவர் பெயர் பலகையில் ஏறுகிறது, அவர் ஆடிய பரப்பை நேர்செய்தவர் எங்கேயும் குறிப்பிடப்படுவதில்லை. அவருடைய தொழிலுக்காவது நம் மொழியில் ஒரு பெயர் இருக்கட்டும்.

குஷன், பாக்கெட், கியூ மூன்றையும் மாற்ற வேண்டாம். ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். ஸ்லேட்டுக்குப் பலகைக்கல் எனக்குச் சம்மதம், பள்ளிக்கூடச் சிலேட்டோடு குழம்பாது.

ஒன்று மட்டும் இன்னும் அகப்படவில்லை. கல்லுக்கு அடியில் செருகும் மெல்லிய தகட்டை ‘ஆப்பு’ என்றே மேலே எழுதினேன். ஆப்பு ஒரு முனையில் தடித்து மறுமுனையில் கூராகும். இதுவோ சில இடங்களில் சீரான தகடாகவே இருக்கிறது. பட்டறையில் இயந்திரத்துக்கு அடியில் இப்படிச் செருகும் தகட்டுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர் என்ன? கோவை, சிவகாசிப் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதினால், அதன் பிறகு பட்டியலை முடிக்கலாம்.