மகன் கிளாஸ்ல எல்லாம் விளங்குது எண்டுறான், பேப்பர்ல ஒண்டும் வருதில்லை. இன்னொரு ரியூசன் போடுறதா?

வெள்ளவத்தை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 10, தமிழ் மீடியம். மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை, கணிதம்தான் கையைக் கடிக்குது. பள்ளிக்கூடத்தால வந்து சாப்பிட்டும் சாப்பிடாமலும் ரியூசனுக்கு ஓடுறான், கிழமையில ரெண்டு நாள் ஹோல் நிறையப் பிள்ளையள் இருக்கிற மாஸ் கிளாஸ், சனிக்கிழமை பேப்பர் கிளாஸ் வேற. சேர் நல்லாத்தான் படிப்பிக்கிறார், ஒருநாள் கூட்டிக்கொண்டு வரப் போய் வெளியில நிக்கேக்க மைக்கில அவர் சொல்லுறது எனக்கே விளங்கிச்சு. கொப்பியை எடுத்துப் பாத்தா முத்து முத்தான எழுத்து, விடைக்குக் கீழ சிவப்புப் பேனையால ரெண்டு கோடு. ஆனா தவணைச் சோதினைக்கு 38 மார்க்ஸ்.

கேட்டா "கிளாஸ்ல சேர் செய்யேக்க எல்லாம் விளங்கினதம்மா, பேப்பரைக் கண்டா எங்க தொடங்குறதெண்டே தெரியேல்லை" எண்டு அழுறான். சோம்பேறிப் பிள்ளை இல்லை. ராத்திரி 11 மணி தாண்டியும் அந்தக் கொப்பியைத் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கொண்டு இருக்கிறான், நான்தான் போய் லைட்டை நூக்கிறது.

வீட்டுக்காரர் சொல்லுறார் வீட்டுக்கு வந்து படிப்பிக்கிற ஒரு ஆளையும் பிடிப்பம் எண்டு. காசு ஒரு பக்கம், பிள்ளைக்கு நித்திரை கொள்ளவும் நேரம் வேணுமே. இன்னொரு கிளாஸ் போட்டா சரிவருமா, இல்லாட்டி படிக்கிற முறையிலதான் ஏதும் பிழையா? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்கு_வாத்தி:

தங்கச்சி, இன்னொரு கிளாஸ் போடாதேங்கோ. இருக்கிறதிலயே ஒண்டைக் குறைக்கேலுமெண்டா குறையுங்கோ.

நான் கொழும்பில ஒரு பள்ளிக்கூடத்தில ஓஎல் (சாதாரண தர) வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறன், உங்கட மகன் மாதிரிப் பிள்ளையள் ஒவ்வொரு வருசமும் என்ர வகுப்பில இருக்கினம், அவை மொக்குப் பிள்ளையள் இல்லை. ஒருத்தர் கணக்குச் செய்யிறதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க விளங்குறது வேற, அதைத் தானே செய்யிறது வேற. செய்து முடிச்ச கணக்கைத் திருப்பி வாசிச்சா ஒவ்வொரு வரியும் பழகின முகம் மாதிரித் தெரியும், பிள்ளை அதைத்தான் தெரியும் எண்டு நம்புது. பொய் சொல்லேல்லை, உண்மையாவே அப்பிடித்தான் அவனுக்குப் படுது.

இதை ஆராய்ச்சியாவும் செய்து பாத்திருக்கினம். 2006இல அமெரிக்காவில ரோடிகர், கார்ப்பிக்கி எண்ட ரெண்டு உளவியல்காரர் கம்பஸ் பிள்ளையளுக்கு ஒரு பந்தியை வாசிக்கக் குடுத்தவை. அதுக்குப் பிறகு ஒரு பகுதிக்கு அதையே திரும்ப வாசிக்க விட்டவை, மற்றப் பகுதிக்குத் தாளை வாங்கி வச்சிட்டு ஞாபகத்தில இருக்கிறதை எழுதச் சொன்னவை. 5 நிமிசத்தில கேட்டா திரும்ப வாசிச்சவைதான் முன்னுக்கு, அவைக்கு 81 வீதம், மூடிவச்சு எழுதினவைக்கு 75 வீதம். ஒரு கிழமை கழிச்சுக் கேட்டா அப்பிடியே மாறிப் போச்சு, வாசிச்சவைக்கு 42 வீதம்தான் ஞாபகம், மூடிவச்சு எழுதினவைக்கு 56 வீதம். உங்கட மகன் ராத்திரி 11 மணிக்குச் செய்யிறது அந்த முதல் வேலை. அடுத்த நாள் காலமை கேட்டாச் சொல்லுவான், சோதினை வரேக்க இருக்காது.

அதால இண்டைக்கே ஒண்டு செய்யுங்கோ. கிளாஸால வந்தவுடன கொப்பியை மூடி வச்சிட்டு, சேர் செய்த கணக்கில ஒண்டை வெறும் தாளில தானாச் செய்யட்டும். மாட்டுப்பட்டா உடன கொப்பியைத் திறக்க விடாதேங்கோ, கொஞ்ச நேரம் முட்டிப் பாக்கட்டும், அதுக்குப் பிறகு அந்த ஒரு வரியை மட்டும் பாத்திட்டுத் திரும்ப மூடட்டும். ரெண்டு நாள் கழிச்சு அதே கணக்கைத் திரும்பவும் கேளுங்கோ. பிள்ளைக்கு எரிச்சலாத்தான் இருக்கும், வாசிக்கிற மாதிரிச் சுகமா இராது. அந்தக் கஷ்டத்திலதான் படிப்பு ஏறுது.

மற்றது, பிழையைப் பாக்கிறது. போன மாசம் ஒரு பிள்ளை (x+3)² எண்டதுக்கு x²+9 எண்டு எழுதிச்சு. சிவப்பால வெட்டிப்போட்டு 'ஈருறுப்புக் கோவையைத் திரும்பப் படி' எண்டு எழுதிவிடலாம், ஒண்டும் நடக்காது. பக்கத்தில இருந்து x க்கு 2 போட்டுப் பார் எண்டு சொன்னன். ஒரு பக்கம் 5இன் வர்க்கம் 25 வருது, அதின்ர விடையில 4உம் 9உம் 13 வருது. பிள்ளை திகைச்சுப் போச்சு. அதுக்குப் பிறகு ஒரு சதுரம் கீறி பக்கத்தை x எண்டும் 3 எண்டும் பிரிச்சுக் காட்டினன், உள்ளுக்குள்ள நாலு துண்டு வருது: x², 3x, இன்னொரு 3x, 9. "சேர், நடுவில இருக்கிற ரெண்டையும் நான் விட்டிட்டன்" எண்டு அதுவே சொல்லிச்சு. எனக்குப் படிப்பிக்கிறது எண்டா அந்த இடம்தான். ஒரு பிள்ளையின்ர பிழை எந்த வரியில தொடங்குது எண்டு பாக்கிற ஆள் வேணும். 200 பேர் இருக்கிற ஹோல்ல மைக் பிடிக்கிற மனுசன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் அதைச் செய்யேலாது.

கொட்டாஞ்சேனை_மாணவன்:

ஆன்ட்டி, சேர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் கேம்பஸ் பையன், மெத்ஸ் ஸ்ட்ரீம். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்றேன்.

ட்யூட்டை, அதான் கிளாஸ்ல குடுக்கிற பயிற்சித் தாளை, எடுத்துப் பாருங்க, முக்கோணவியல்னா முப்பது கணக்கும் முக்கோணவியல்தான் இருக்கும். மூணாவது கணக்கு வரும்போதே எந்த முறைன்னு யோசிக்கத் தேவையில்ல, கை தானா ஓடும். பேப்பர்ல அப்படி வராதே, ஓஎல் முதலாம் பத்திரத்துல ஏ பகுதி 25 கேள்வியும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு பாடத்துல இருந்து வரும், தலைப்பு போட்டுத் தரமாட்டாங்க. தம்பி "எங்க தொடங்குறதுன்னு தெரியல"ன்னு சொல்றது இதுதான்னு நினைக்கிறேன், கணக்கு செய்ய தெரியும், எந்தக் கணக்குன்னு அடையாளம் கண்டுபிடிக்க பழகல.

ரோரர், டெய்லர்னு ரெண்டு பேர் 2007ல இதை செஞ்சு பார்த்து எழுதியிருக்காங்க. நாலு வகைத் திண்மத்தோட கனவளவு கண்டுபிடிக்கிற கணக்கு. ஒரு குரூப்புக்கு வகை வகையா பிரிச்சு, இன்னொரு குரூப்புக்கு கலந்து குடுத்தாங்க. பயிற்சி செய்யும்போது பிரிச்சு செஞ்சவங்க 89 வீதம் சரி, கலந்து செஞ்சவங்க 60 வீதம்தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா பிரிச்சு செஞ்சவங்க 20 வீதத்துக்கு விழுந்துட்டாங்க, கலந்தவங்க 63. அந்த 89ஐ பார்த்து அவங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க இல்லையா, அதுதான் ஆபத்து.

அதனால ட்யூட்ல ஒரே பக்கத்தை முடிக்காம, மூணு நாலு பாடத்துல இருந்து ரெண்டு ரெண்டு கணக்கா கலந்து குடுங்க. செய்யாம, இது எந்த முறை, ஏன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, பஸ்ல போகும்போதே செய்யலாம். ஆனா ஒண்ணு, பாடம் புதுசா ஆரம்பிக்கும்போது இது சரிவராது, முதல்ல செஞ்சு காட்டின உதாரணம் ரெண்டு மூணு பார்த்து பிடிபடணும், அதுக்கு அப்புறம் கலக்கணும்.

தெஹிவளை_அப்பா:

எல்லாரும் மாஸ் கிளாஸைப் போட்டுத் தாக்குறியள், எனக்கு உடன்பாடில்லை. என்ர மூத்த பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில ஒரு வருசம் கணித ரீச்சரே இல்லை, மாற்றம் கிடைச்சுப் போனவ போனதுதான். அந்த வருசம் ரியூசன் சேர் இல்லாட்டி பிள்ளை ஓஎல்ல கணிதம் பாஸ் பண்ணியிருக்காது, கணிதம் இல்லாட்டி ஏஎல் (உயர்தரம்) கதை என்ன எண்டு உங்களுக்குத் தெரியும். ஹோம் விசிட் பிடிக்கிறதுக்கு எல்லாரிட்டயும் வசதி இருக்கோ? நல்லாச் சொல்லித் தாற மனுசன்ர வகுப்பில இருநூறு பேர் இருந்தாலும் அது பெரிய உதவிதான்.

கணக்கு_வாத்தி:

@தெஹிவளை_அப்பா ஐயா, நீங்கள் சொல்லுறதை மறுக்கேல்லை. ஆள் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்த மைக் சத்தம்தான் ஆசிரியர். நல்ல விளக்கம் குடுக்கிறதும் லேசான வேலை இல்லை, அதுக்கு மரியாதை இருக்கு. நான் சொல்ல வாறது, விளக்கம் கேட்டதோட பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, மற்றப் பாதிக்கு நேரம் விடாமல் அதுக்கு மேல இன்னொரு விளக்கத்தைப் போட்டுப் பிரயோசனம் இல்லை எண்டுதான்.

பாத்திமா_மிஸ்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் ஆரம்பப் பிரிவு டீச்சர், அதனால கீழ இருந்து பார்க்கிறேன்.

தரம் 10 கணக்கு பிழைக்கிற பிள்ளையைத் தோண்டிப் பார்த்தா பல நேரம் ஓட்டை தரம் 5, 6லதான் இருக்கும். அம்மா, மகன்கிட்ட 2/3உம் 1/4உம் கூட்டச் சொல்லிப் பாருங்க. 3/7 என்று எழுதினா அட்சர கணிதம் எல்லாம் பிறகு, முதல்ல பின்னம். பிள்ளைக்கு வெட்கமா இருக்கும், தம்பி தங்கச்சிக்கு முன்னால கேட்காதீங்க.

இன்னொரு விஷயம், பாடமாக்கிறது என்றாலே கூடாது என்று இப்ப ஒரு பேச்சு. வாய்ப்பாடு பாடமில்லாத பிள்ளை 7 தர 8 எத்தனை என்று விரலை மடக்கிற நேரத்தில கணக்கில எங்க நின்றது என்பதே மறந்து போகும். ஒரே நேரத்தில மனசில வச்சிருக்கக்கூடியது கொஞ்சம்தான், சின்னச் சின்னதெல்லாம் தானா வந்தாத்தான் பெரியதை யோசிக்க இடம் வரும். வாய்ப்பாட்டைப் பாடமாக்கட்டும், சூத்திரத்தையும் பாடமாக்கட்டும், எங்கிருந்து வந்தது என்றும் தெரிஞ்சிருக்கட்டும்.

அரசாங்கப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தீங்களா? கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா ஐயா காலத்தில, 1945இல இலவசக் கல்வி வந்தது, 1980இல இருந்து புத்தகமும் சும்மா தாறாங்க. டியூட் வந்த பிறகு அந்தப் புத்தகம் உறை கூட கசங்காம அலுமாரியில கிடக்குது. அதில பல பாடங்கள் முந்தின தரத்தில படிச்சதைத் திரும்பச் செய்ய வச்சுத்தான் தொடங்கும், ஓட்டை எங்க என்று கண்டுபிடிக்க அந்தப் பக்கமே போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து வெப்சைட்ல கீழ் வகுப்புப் புத்தகங்களும் பிடிஎஃப்ஆ இருக்கு.

அந்த 11 மணி விஷயம், தயவுசெய்து நிப்பாட்டுங்க. படிச்சது மனசில நல்லாப் பதியிறதுக்கு நித்திரையும் வேணும்.

வெள்ளவத்தை_அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பாத்திமா மிஸ், நீங்கள் சொன்னதை நேற்றே கேட்டுப் பாத்தன். பின்னம் கூட்டுறது சரியாச் செய்தான், ஆனா 5 − (x − 3) எண்டு நான் எழுதிக் குடுத்தா 5 − x − 3 எண்டு அடைப்பைத் திறக்கிறான், கேட்டா "கழித்தல்தானேம்மா" எண்டுறான். கொப்பியைப் புரட்டினா அதே இடத்தில சேர் செய்ததை எல்லா இடமும் சரியாப் பாத்து எழுதியிருக்கிறான்! எனக்கு இப்பத்தான் உறைச்சுது. வீட்டுக்காரரிட்டயும் காட்டினன், அவரும் பேசாமல் இருந்து பாத்தார்.

கணக்கு வாத்தி அண்ணா, இனி எதில இருந்து தொடங்குறது, எந்தக் கிளாஸை நிப்பாட்டுறது?

கணக்கு_வாத்தி:

அருமை தங்கச்சி, பாதிக் கிணறு தாண்டியாச்சு. அந்த அடைப்புக்கு x க்கு 4 போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, 5இல இருந்து 1 போனா 4, அவன்ர விடையில −2 வரும். ஏன் எண்டு அவனே சொல்லட்டும், நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ.

தொடங்குறதுக்கு அந்த 38 எடுத்த பேப்பரே போதும். வெறும் பேப்பர் ஒண்டு எடுத்து, மணிக்கூடு பாக்காமல், கொப்பி இல்லாமல் திரும்பச் செய்யட்டும். பிறகு ரெண்டுபேரும் இருந்து பிழைச்ச ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில எழுதுங்கோ: பாடமே தெரியாதா, முறை தெரிஞ்சும் எதைப் பாவிக்கிறதெண்டு பிடிபடேல்லையா, இல்லை அந்த அடைப்பு மாதிரி இடையில வழுக்கினதா. மூண்டுக்கும் மருந்து வேற வேற. வழுக்கிறதுதான் கூட எண்டா சந்தோசப்படுங்கோ, அது கெதியாத் திருத்தலாம். பரீட்சைத் திணைக்களம் ஓஎல் பேப்பருக்கு மதிப்பீட்டு அறிக்கை எண்டு ஒண்டு வெளியிடுறது, பிள்ளையள் எந்தக் கேள்வியில என்ன பிழை விட்டவை எண்டு அதில இருக்கு, வாசிச்சுப் பாருங்கோ.

கிளாஸ் விசயம்: சனிக்கிழமை பேப்பரைத் திருத்தித் திருப்பிக் குடுக்கினமெண்டா அதை வச்சிருங்கோ. மாஸ் கிளாஸ் ரெண்டு நாளில ஒரு நாளை விட்டிட்டு, அந்த நேரத்தில வீட்டில மேசையில வெறும் தாளோட இருக்கட்டும். மாட்டுப்பட்ட கணக்குகளை ஒரு சின்னக் கொப்பியில சேர்த்துக்கொண்டு போய் பள்ளிக்கூட ரீச்சரிட்டக் கேக்கச் சொல்லுங்கோ, இடைவேளையில பத்து நிமிசம் காணும். தன்ர பிழையோட வாற பிள்ளையை எந்த ரீச்சரும் திருப்பி அனுப்பமாட்டினம்.