கரையான் மருந்து அடிக்க நம்பிக்கையான ஆள் தெரியுமா?

வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் இருபது வருடப் பழைய வீடு. வாசல் நிலையைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்கிறது, சுவரில் மண் கோடு ஏறியிருக்கிறது. போன மாதம் இணையத்தில் கிடைத்த ஒரு எண்ணை நம்பி வரவழைத்தேன். போனில் 2,500 ரூபாய் என்றார்கள். வந்ததும் "வீடு முழுக்கப் பரவியிருக்கு, இப்பவே செய்யணும்" என்று அம்மாவைப் பயமுறுத்தி 14,000 வாங்கிவிட்டார்கள். லேபிள் இல்லாத கேனிலிருந்து மேலாகத் தெளித்ததோடு சரி. பில் கிடையாது. மூன்றே வாரத்தில் மண் கோடு திரும்ப வந்துவிட்டது. அந்த எண் இப்போது அணைந்து கிடக்கிறது.

பணத்தைவிட, அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கும்போது என்ன மருந்தை அடித்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அப்புறம் விசாரித்ததில், இந்தத் தொழிலுக்கு 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும் என்றும், கரையானுக்குச் சுவரோரம் சுமார் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்தை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வீட்டில் இப்படிச் செய்து, ஒரு வருடமாவது கரையான் திரும்பாமல் இருந்தால் சொல்லுங்கள். உரிமத்தைக் காட்டினார்களா, மருந்தின் பெயரை பில்லில் எழுதினார்களா, உத்தரவாதம் கொடுத்துவிட்டு கூப்பிட்டபோது வந்தார்களா? சதுர அடிக்கு எவ்வளவு ஆனது என்பதும் தெரிந்தால் நல்லது. மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.